வியர்க்கும் பானை

மானாமதுரையிலிருந்து அம்மா ஒரு மண்பானையை மடியிலேயே வைத்துக்கொண்டு ரயிலில் சென்னைக்குக் கொண்டுவந்தாள். ஊரில் அதன் கூடப்பிறந்த பானைகள் சித்திரை வெயிலிலும் பல் கூசும்படி தண்ணீரைக் குளிரவைப்பவை. இங்கே சமையலறை மூலையில் ஆற்றுமணல் பரப்பி, அதன்மேல் உட்காரவைத்து, ஈரத்துணி சுற்றி, ஊரில் செய்த அத்தனையும் செய்தாள். தண்ணீர் பேருக்குத்தான் குளிர்ந்தது. முதலில் மண்ணைக் குறை சொன்னாள். பிறகு குழாய்த் தண்ணீரை. ஒரு மாதம் கழித்து, "இந்த ஊர்க் காத்துக்குத் தாகமே இல்லப்பா" என்றாள்.

ஈரப்பதத்தை இதைவிடச் சரியாக நான் எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை. பானையின் சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். உள்ளிருக்கும் நீர் அவற்றின் வழியே கசிந்து வெளிப்புறத்தை நனைக்கிறது. நனைந்ததைக் காற்று உலர்த்துகிறது. நீர் சும்மா ஆவியாகிவிடாது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தைக் கூலியாகக் கேட்கும். அந்தக் கூலியைப் பெரும்பாலும் கொடுப்பது பானைக்குள் மிச்சமிருக்கும் தண்ணீர். கணக்குப்படி, ஆவியாகிப் போகும் ஒரு கிராம் நீர், பின்னால் விட்டுச்செல்லும் 58 கிராம் நீரை 10 டிகிரி குளிர்த்திவிட்டுப் போக முடியும். மானாமதுரைப் பக்கத்து வறண்ட காற்று தாகத்தோடு வருகிறது, பானையின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கிறது. கடலைத் தொட்டு வரும் சென்னைக் காற்று ஏற்கெனவே வயிறு முட்டக் குடித்துவிட்டு வருகிறது.

நம் உடலும் இந்தப் பானையைப் போலத்தான் குளிர்கிறது. நாய் நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும். எருமை குட்டையைத் தேடிப் போகும். உடம்பு முழுக்க நீரைக் கசியவிட்டு அதை ஆவியாக்கிக் குளிரும் உயிர்கள் குதிரையைப் போல ஒருசிலவே. அவற்றிலும் மனிதன் தனி ரகம்: தோலில் 20 லட்சம் முதல் 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள். கோடையில் குழந்தையின் கழுத்தில் வியர்க்குரு பொரிந்தால், அந்தத் துளைகளில் சில அடைபட்டு, வியர்வை தோலுக்கடியிலேயே தேங்கிவிட்டது என்று பொருள்.

இந்த ஏற்பாடு எவ்வளவு பெரியது என்பது கணக்குப் போட்டால்தான் புரியும். நாம் உண்ட சோறு உடலுக்குள் எரிவதால் எப்போதும் வெப்பம் பிறந்துகொண்டிருக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தாலே மணிக்கு ஏறத்தாழ 70 கிலோ கலோரி. அவருடைய உடலை ஒரு டிகிரி சூடேற்ற 50 கிலோ கலோரி போதும். வெப்பம் வெளியேற எல்லா வழியும் அடைபட்டால், நாற்காலியில் அமர்ந்தபடியே மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் அவர் சூடேறிவிடுவார். இனி அவர் தலையில் செங்கல் சுமந்து இரண்டாம் மாடிக்கு ஏறுகிறார் என்று வையுங்கள். மணிக்கு 400 கிலோ கலோரி எளிதாகப் பிறக்கும். ஏழெட்டு நிமிடத்துக்கு ஒரு டிகிரி. 37 டிகிரியில் தொடங்கியவர் அரை மணி நேரத்துக்குள் 40ஐத் தாண்டியிருக்க வேண்டும். தாண்டுவதில்லை. முக்கால் லிட்டருக்கும் குறைவான வியர்வை ஆவியாகி அந்த மணி நேரத்தின் வெப்பம் முழுவதையும் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. ஆவியானால்தான் இந்த லாபம். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும் வியர்வை உடலின் நீரையும் உப்பையும் வீணாக்குகிறது, குளிர்ச்சி தருவதில்லை.

1774இல் லண்டனில் இதைத் தங்கள் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. ஜார்ஜ் ஃபோர்டைஸ் என்ற மருத்துவர் சூடேற்றிய அறைகளை அமைத்தார். சார்லஸ் பிளாக்டன், ஜோசப் பேங்க்ஸ், டேனியல் சொலாண்டர் ஆகியோர் அவற்றுக்குள் நுழைந்தார்கள். வறண்ட அறையின் வெப்பத்தைப் படிப்படியாக ஏற்றிக் கடைசியில் 127 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கொண்டுபோனார்கள். நீர் கொதிக்கும் வெப்பத்தைவிட அதிகம். பிளாக்டன் அதற்குள் எட்டு நிமிடம் நின்றார். அதே போன்ற சூட்டில் வைத்த முட்டை இருபது நிமிடத்தில் கெட்டியாக வெந்தது. மாட்டிறைச்சித் துண்டு முக்கால் மணி நேரத்தில் காய்ந்தே போனது. கூடையில் வைத்து உள்ளே கொண்டுபோன நாய் நலமாக வெளியே வந்தது. உயிருள்ள தசையும் உயிரற்ற தசையும் ஒரே சூட்டில் இருந்தன; ஒன்று வெந்தது, மற்றது வேகவில்லை.

ஏன் என்று அறிய அவர்கள் செய்த சோதனையை நான் பெரிதும் விரும்புகிறேன். அந்தச் சூட்டறையில் மண்பாத்திரத்தில் தண்ணீர் வைத்தார்கள். சுற்றிலும் கொதிநிலைக்கு மேற்பட்ட சூடு இருந்தும் தண்ணீர் கொதிக்க மறுத்தது. அதன்மேல் எண்ணெய் ஊற்றி ஆவி போகும் வழியை மூடியதும் கொதித்தது. உயிரைக் காத்தது வேறு மாயசக்தி அல்ல, ஆவியாதல்தான் பெரும்பங்கு என்ற எண்ணம் அதில் வலுப்பட்டது.

அப்படியானால் காற்றுக்குத் தாகம் தீர்ந்துபோனால்? அதை அளந்தவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். சுரங்கங்களில் நச்சுவாயுவை அறியக் கேனரிக் குருவிகளைக் கொண்டுசெல்லச் சொன்னவர். கார்ன்வால் பகுதியின் ஆழமான சுரங்கங்களில் வெப்பமும் ஈரமும் சேர்ந்து தொழிலாளிகளை வாட்டுவதை ஆராய்ந்து 1905இல் எழுதினார். அவர் நம்பியது சாதாரண வெப்பமானியை அல்ல. குமிழில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானியை. அம்மா பானைக்குச் சுற்றிய அதே ஈரத்துணி. அந்த வெப்பமானி காட்டும் அளவுக்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். அன்றைய காற்றில் ஒரு பானை எவ்வளவு தூரம் குளிர முடியும் என்பதை அது சொல்லிவிடுகிறது. அசைவற்ற காற்றில் ஈரக்குமிழ் 31 டிகிரியைத் தாண்டினால், சட்டையைக் கழற்றிவிட்டுச் சும்மா இருப்பவரின் உடல்வெப்பமும் ஏறத் தொடங்குகிறது என்று ஹால்டேன் கண்டார். 2010இல் ஸ்டீவன் ஷெர்வுட், மேத்யூ ஹ்யூபர் என்ற இருவர் கோட்பாட்டளவில் 35 டிகிரிதான் மனித உடலின் எல்லை என்று எழுதினார்கள். அந்த எண் உலகெங்கும் பரவியது. 2022இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை ஈரமும் வெப்பமும் நிறைந்த அறையில் வைத்துப் பார்த்தபோது விடை 31ஐ ஒட்டியே வந்தது. நூறாண்டுக்கு முன் ஹால்டேன் தொட்ட இடம்.

நம் வானிலைச் செய்தியில் இந்த எண் வருவதில்லை என்பது எனக்கு வருத்தம். வேலூரில் 42 டிகிரி என்றால் தலைப்புச் செய்தி. ஈரப்பதம் 20 சதவீதமாக இருக்கும் அந்தப் பகலில் ஈரக்குமிழ் சுமார் 24 டிகிரிதான். கடற்காற்று உள்ளே வராமல் நின்றுபோன ஒரு நாளில் கடலோர ஊரில் 36 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்று வையுங்கள். செய்தியில் அது ஒரு வரியோடு போய்விடும். அங்கே ஈரக்குமிழ் 31. ஹால்டேன் கோடு கிழித்த இடம். புழுக்கம் என்று நாம் சலித்துக்கொள்ளும் சொல்லுக்குள் அவ்வளவு ஆபத்து இருக்கிறது. இதனால் வேலூர் வெயில் பாதுகாப்பானது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. வறண்ட வெயிலில் வியர்வை தோலில் நிற்காமலே காய்ந்துவிடுவதால் எவ்வளவு நீர் போனது என்றே தெரியாது. ஒரு கட்டத்துக்கு மேல் சுரப்பிகளாலும் ஈடுகொடுக்க முடியாது. தலைமேல் நேராக அடிக்கும் வெயிலின் சூடு இந்தக் கணக்கில் சேராதது.

பானைக்கு இல்லாத ஒரு சிக்கல் உடலுக்கு உண்டு. உள்ளே பிறக்கும் வெப்பத்தைத் தோலுக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். கொண்டுவருவது இரத்தம். ஓய்வில் இருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை அனுப்புகிறது. கடும் வெப்பத்தில் தோலுக்கு மட்டுமே 7 லிட்டர் வரை தேவைப்படலாம். இதயம் ஓட்டப்பந்தயத்தில் ஓடுவதுபோல் வேலை செய்ய வேண்டும், ஆள் ஈசிச்சேரில் படுத்திருந்தாலும். கோடையில் இறக்கும் முதியவர்களில் பலருடைய இறப்புக்கு மாரடைப்பு என்று எழுதப்படுவதன் பின்னால் இந்தக் கதை இருக்கிறது. தோலுக்குப் போன இரத்தத்தில் ஒரு பகுதி பிற உறுப்புகளிலிருந்து எடுக்கப்பட்டது. குறிப்பாகக் குடலிலிருந்து. இரத்தம் குறைந்து, சூடும் ஏறினால் குடலின் உட்சுவர் தளர்ந்து, கிருமிகளின் நச்சு இரத்தத்தில் கசிகிறது. அதன்பின் நடப்பது கிட்டத்தட்ட உடல் முழுக்கச் சீழ்ப்பிடித்தவருக்கு நடப்பது போன்றது: இரத்தம் கண்ட இடத்தில் உறைகிறது, கல்லீரலும் சிறுநீரகமும் ஓய்கின்றன. நீரும் உப்பும் குறைந்த உடலில் இதெல்லாம் இன்னும் விரைவு.

இது ஒரே நொடியில் வந்துவிடுவதில்லை. முதலில் தசை பிடித்துக்கொள்ளும், கெண்டைக்காலிலும் வயிற்றிலும். அது உப்பு போனதன் அடையாளம். நெடுநேரம் வெயிலில் வரிசையில் நின்றவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வரலாம். படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்தினால் தெளிந்துவிடும். அதற்கடுத்தது வெப்பச் சோர்வு: கொட்டும் வியர்வை, தலைவலி, குமட்டல், படபடப்பு, அடித்துப்போட்டாற்போல் அசதி. மூத்திரம் தேநீர் நிறத்தில் கடுத்துக்கொண்டு போகும். இந்த நிலையில் ஆள் தெளிவாகப் பேசுவார். நிழல், காற்று, தளர்ந்த உடை, உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ கொடுத்து ஓய்வெடுக்கவிட்டால் அரை மணியில் தேறத் தொடங்குவார். தேறாவிட்டால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் சரியல்ல. இரத்தத்தில் உப்பு மேலும் நீர்த்துப்போய், அதுவே தனி ஆபத்தாகும்.

அதற்கப்பால் இருப்பதைத்தான் மருத்துவர்கள் ஹீட் ஸ்ட்ரோக் என்கிறார்கள். சில செய்தித்தாள்கள் இதை 'வெப்பப் பக்கவாதம்' என்று எழுதுகின்றன. அந்தச் சொல்லை விட்டுவிட வேண்டுமென்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கை கால் விழுந்துவிடுவதை எதிர்பார்த்துக்கொண்டிருப்பவர் உண்மையான அறிகுறியைக் கவனிக்கமாட்டார். இங்கே முதலில் தடுமாறுவது புத்தி. உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும்போது மூளை தாக்குப்பிடிப்பதில்லை. பேச்சு குழறும். நடை தள்ளாடும். சம்பந்தமில்லாமல் எரிந்துவிழுவார், காரணமில்லாமல் சிரிப்பார், கையிலிருக்கும் கரண்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்பார். கட்டட வேலையிடத்தில் மேஸ்திரிக்கு இது 'காலையிலேயே போட்டுவிட்டு வந்திருக்கிறான்' என்றுதான் தோன்றும். ஓரமாகப் போய்ப் படு என்று அனுப்பிவிடுவார். படுத்தவர் எழுந்திருக்கமாட்டார்.

வியர்வை நின்று தோல் உலர்ந்திருந்தால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்றொரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பாதிதான் உண்மை. பல நாள் வெப்ப அலையில் வீட்டுக்குள் கிடக்கும் முதியவரின் தோல் உலர்ந்து காந்தும். ஆனால் ஓடி உழைத்து விழுந்த இளைஞரின் உடல் தொப்பலாக நனைந்திருக்கும். 'வேர்க்குதே, ஒண்ணும் ஆகாது' என்ற சமாதானம் உயிரை எடுத்திருக்கிறது. நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதும் போதாது. ஈரமான தோல் குளிர்ந்திருக்கும், உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும். ஆகவே தோலைவிட ஆளிடம் பேசிப் பார்ப்பது மேல். உங்க பேரு என்னண்ணே? இன்னிக்கு என்ன கிழமை? இப்ப எங்க இருக்கோம்? மூன்றில் ஒன்றுக்குத் தடுமாறினாலும் அடுத்த அடி எடுத்துவைத்துவிட வேண்டும். அவராகச் சொல்வார் என்று காத்திருக்க முடியாது. எனக்கு ஏதோ ஆகிறது என்று உணரவேண்டிய உறுப்பே அங்கு நோய்ப்பட்டிருக்கிறது.

காய்ச்சல் மாத்திரை இதற்கு உதவாது. காய்ச்சலில் மூளையின் அடிப்பகுதியிலுள்ள வெப்பக் கட்டுப்பாடு, கிருமியை எதிர்க்க வேண்டித் தன் அளவை 37லிருந்து 39க்குத் தானே உயர்த்திக்கொள்கிறது. அதனால்தான் உடல் சுடும்போதே குளிரெடுத்துப் போர்வை கேட்கிறோம். பாராசிட்டமால் அந்த அளவைத் திரும்ப இறக்குகிறது. ஹீட் ஸ்ட்ரோக்கில் அளவு 37லேயே இருக்கிறது, மூளை குளிர்த்து குளிர்த்து என்று கத்திக்கொண்டிருக்கிறது, குளிர்த்த முடியவில்லை. மாத்திரைக்கு அங்கே வேலை இல்லை. ஏற்கெனவே வாடும் கல்லீரலுக்கு அது கூடுதல் சுமையும் ஆகலாம்.

செய்ய வேண்டியது தண்ணீர். உடனே, நிறைய, அங்கேயே. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸில் ஃபால்மத் என்ற கடற்கரையூரில் ஒவ்வோர் ஆகஸ்டிலும் 7 மைல் ஓட்டப்பந்தயம் நடக்கிறது. அந்தப் புழுக்கத்தில் ஓடி, எல்லைக்கோட்டருகே ஹீட் ஸ்ட்ரோக்கில் விழுபவர்கள் ஆண்டுதோறும் உண்டு. அங்குள்ள மருத்துவக் குழு பந்தயம் முடியும் இடத்திலேயே தொட்டிகளில் பனிக்கட்டி நீர் நிரப்பி வைத்திருக்கும். விழுந்தவரைத் தூக்கி அதற்குள் கழுத்தளவு இறக்கிவிடுவார்கள். 18 ஆண்டுப் பதிவுகளைத் தொகுத்து 2015இல் வெளியிட்டார்கள்: 274 பேர். ஒருவர்கூடச் சாகவில்லை. மரணத்துக்கு இவ்வளவு அருகில் போன நோயில் இப்படியொரு முடிவை மருத்துவத்தில் வேறெங்கும் காண்பது அரிது. அவர்களுடைய விதி: முதலில் குளிர்த்து, பிறகு கொண்டுபோ. விழுந்ததிலிருந்து அரை மணிக்குள் வெப்பம் இறங்கிவிட்டால் பெரும்பாலும் பிழைப்பார். அந்த அரை மணியை ஆட்டோ தேடுவதிலும் போக்குவரத்து நெரிசலிலும் கரைத்துவிடுகிறோம்.

சூடான உடம்பில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஜன்னி கண்டுவிடும் என்று நம் வீடுகளில் அஞ்சுவார்கள். அந்த அச்சத்துக்கு மருத்துவர்கள் நடுவிலும் ஒரு உடன்பிறப்பு இருந்தது: குளிர் பட்டால் தோலின் இரத்தக்குழாய்கள் சுருங்கிவிடும், உள்வெப்பம் வெளியே வராது என்று கருதினார்கள். 1980இல் வைனர், கோகலி என்ற இருவர் மெக்காவுக்கு வரும் ஹஜ் பயணிகளுக்காக ஒரு கருவியை உருவாக்கியபோது இதையே மனத்தில் கொண்டார்கள். நோயாளியை வலைக்கட்டிலில் கிடத்தி, மெல்லிய நீர்த்துளிகளைத் தெளித்து, கூடவே வெதுவெதுப்பான காற்றை வீசினார்கள். தோல் சுருங்காமல் இருக்க வேண்டும், நீர் ஆவியாகவும் வேண்டும். செயலிழந்த பானைக்கு வெளியிலிருந்து கசிவை வாங்கிக் கொடுக்கும் வேலை. அழகான யோசனை, பலரைக் காத்தது. ஆயினும் பனிநீர் அதைவிட விரைவாகக் குளிர்த்துகிறது. தோல் சுருங்குவதால் வரும் தடையைவிட, உடலுக்கும் நீருக்கும் இடையேயுள்ள வெப்ப வேறுபாடு பல மடங்கு வலியது. ஜன்னி என்று நாம் பயப்படும் வலிப்பும் பிதற்றலும் குளிர்ந்த நீரால் வருவதில்லை. குளிர்த்தாமல் விட்டால்தான் வரும்.

நம் ஊரில் பனிநீர்த் தொட்டிக்கு எங்கே போவது? கட்டட வேலையிடத்தில் தார்ப்பாய் இருக்கும், டிரம்மில் தண்ணீர் இருக்கும். ஆளைத் தார்ப்பாயின் நடுவில் கிடத்தி, நாலு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்தால் அதுவே தொட்டி. தண்ணீரை ஊற்றி, டீக்கடையிலோ மீன்கடையிலோ ஐஸ் கிடைத்தால் அதையும் போட்டு, தண்ணீர் உடல் முழுக்க அலசும்படி ஆட்ட வேண்டும். தலை நீருக்கு மேல் இருக்கும்படி ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கும் வழியில்லாவிட்டால் வாளி வாளியாக ஊற்றிக்கொண்டே விசிற வேண்டும். முதியவருக்குப் பெரும்பாலும் இந்த முறையே தோது: உடையைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து விசிறுவது, அக்குளிலும் கழுத்திலும் தொடையிடுக்கிலும் ஐஸ் வைப்பது. இதற்கிடையில் ஒருவர் 108ஐ அழைத்துவிட வேண்டும். நினைவு தெளியும்வரை, அல்லது உடல் நடுங்கத் தொடங்கும்வரை, தண்ணீரை நிறுத்தக் கூடாது. வலிப்பு வந்தால் கூட்டத்தில் யாராவது இரும்புச் சாவியைத் தேடுவார்கள். அவரை வாளி தூக்க அனுப்புங்கள். சோடாவை உடைத்து வாயில் ஊற்ற வருபவரைத் தடுத்துவிடுங்கள். நினைவில்லாதவருக்கு ஊற்றும் எதுவும் நுரையீரலுக்குப் போகலாம்.

பானையோடு உடலை ஒப்பிட்டு வந்தேன். ஓர் இடத்தில் அந்த ஒப்புமை முறிகிறது. அதுவே எனக்குப் பெரும் வியப்பு. உடல் கற்றுக்கொள்ளும். புதிதாக வெப்பத்தில் உழைக்க வந்தவரின் உடல் பத்துப் பதினான்கு நாளில் தன்னைத் திருத்திக்கொள்கிறது. இரத்தத்தில் நீரின் அளவு கூடுகிறது. வியர்வை முன்னதாகவே, அதிகமாகவே வரத் தொடங்குகிறது. சுரப்பிகள் உப்பைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளப் பழகுவதால் அந்த வியர்வையில் உப்பு குறைகிறது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் ஹீட் ஸ்ட்ரோக் சாவுகள் பெருகியபோது, 1920களின் நடுவிலிருந்து புது ஆட்களைச் சிறிது சிறிதாகப் பழக்கிய பிறகே முழு வேலைக்கு இறக்கினார்கள். அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை சொல்லும் கணக்கு மனத்தை உலுக்குவது: வெப்பத்தால் வேலையிடத்தில் இறப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வேலைக்கு வந்த முதல் நாளிலேயே இறக்கிறார்கள். நேற்று ரயிலில் வந்து இறங்கிய இளைஞரிடம் இன்று காலை முழு ஆள் வேலையைக் கேட்பது எவ்வளவு பெரிய பிழை என்பதை ஒவ்வொரு மேஸ்திரியும் அறிந்திருக்க வேண்டும். முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலை, பிறகு நாளுக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

பழகிய உடலுக்கும் எல்லை உண்டு. உப்பளத்தில் வேலை செய்பவர்களைப் பார்த்தால் தெரியும். பாத்தியில் வெயில் உப்புநீரை ஆவியாக்கி உப்பை விட்டுச்செல்கிறது. உப்பு வாரும் பெண்ணின் ரவிக்கை முதுகிலும் அதே வெயில் அதே வேலையைச் செய்து, வெள்ளையாக உப்பைப் பூக்கவைக்கிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபாலும் அவருடைய குழுவும் தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளிகளை ஆராய்ந்தார்கள். பத்தில் ஒன்பது பேர் பரிந்துரைக்கப்பட்ட வெப்ப அளவைத் தாண்டி உழைத்துக்கொண்டிருந்தார்கள். 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகத்தின் செயல்பாடு குறைந்திருந்தது. அதே குழு 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து, கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு ஏற்படும் வாய்ப்பு இரட்டிப்பாகிறது என்று 2024இல் வெளியிட்டது. இந்தப் பெண்களிடம் நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று சொல்வது எளிது. வேலையிடத்தில் ஒதுங்க ஒரு கழிப்பறை இல்லையென்றால் அவர்கள் காலையிலிருந்தே குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். தண்ணீர்ப் பந்தலை விடக் கழிப்பறை அங்கே பெரிய மருந்து. தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர்களில் ஒன்றாக 2024இல் அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு நிவாரணமும் வகுத்திருக்கிறது. கத்தார் 2021 முதல் ஜூன் தொடங்கிச் செப்டம்பர் நடுப்பகுதிவரை காலை 10 மணி முதல் மாலை மூன்றரைவரை வெட்டவெளி வேலையைத் தடை செய்திருக்கிறது. அங்குள்ள கட்டடங்களில் நம் ஆட்களும் இருக்கிறார்கள். உப்பளத்துக்கும் செங்கல் சூளைக்கும் அப்படியொரு நேரக்கட்டுப்பாடு இங்கும் வேண்டும்.

பழைய பானையின் துளைகளில் உப்பும் சுண்ணாம்பும் அடைத்துக்கொள்ளும். அது வியர்க்காது, குளிராது. வயதான உடலும் ஏறத்தாழ அப்படி ஆகிறது. சுரப்பிகள் மந்தமாகின்றன. தாகம் தெரிவதில்லை. இரத்த அழுத்தத்துக்குத் தரும் நீர் மாத்திரையும், மனநோய்க்கான சில மாத்திரைகளும் நிலைமையை மேலும் கடினமாக்கலாம்; கோடை தொடங்கும்போதே மருத்துவரிடம் அதைப் பற்றிக் கேட்டுவிடுவது நல்லது. நாமாக நிறுத்திவிடக் கூடாது. அறை 40 டிகிரியைத் தாண்டினால் மின்விசிறியும் உதவாது, சுடுகாற்றைத்தான் மேலே வீசும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. அப்போது ஈரத்துணியைப் போட்டுக்கொள்வதும், வேறு குளிர்ந்த இடத்துக்குப் போவதும்தான் வழி.

அகமதாபாத்தில் 2010 மே மாதம் வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டது. அந்த ஒரு மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். அதன் பிறகுதான் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டம் 2013இல் அந்த நகரத்தில் வந்தது. அந்த மே மாதத்தில் நகரின் ஒரு மருத்துவமனையில் பிறந்த குழந்தைகள் பலர் உடல் கொதித்து அனுமதிக்கப்பட்டார்கள். காரணத்தைத் தேடியபோது, பிரசவ வார்டு கட்டடத்தின் மேல்தளத்தில், சுடும் கூரைக்கு நேர் கீழே இருந்தது தெரிந்தது. வார்டைக் கீழே இறக்கினார்கள். வெப்பத்தால் வரும் குழந்தைகள் குறைந்தார்கள். மருந்தில்லை, கருவியில்லை, கட்டில்களைப் படியிறக்கியதுதான் சிகிச்சை.

அதைப் படித்த வாரம் அம்மாவின் கட்டிலையும் பானையையும் மொட்டைமாடிக்குக் கீழிருந்த அறையிலிருந்து தரைத்தளத்துக்கு மாற்றினோம். கத்திரி முடியும்வரை தினமும் மூன்று மணிக்கு அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு இன்று என்ன கிழமை என்று கேட்பேன். கிழமையோடு, அன்று வைத்த குழம்பையும் சேர்த்துச் சொல்வாள்.